முதல் ஃபுல் மாரத்தான்: சென்னையா மும்பையா? 30 கிமீக்கு அப்புறம் என்ன ஆகும்?

தாம்பரம்_ஓட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 41. சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ஹாஃப் மாரத்தான் (21.1 கிமீ) ஓடியிருக்கேன், டைமிங் 2 மணி 15 நிமிஷத்துக்கு பக்கத்துல நிக்குது. வர்ற ஜனவரில முதல் ஃபுல் ஓடணும்னு ரொம்ப ஆசை, ஆனா சென்னைலயே ஓடுறதா இல்ல மும்பை போயிடலாமான்னு முடிவு பண்ண முடியல. கோயம்புத்தூர்ல ஓடினப்போ காத்து ஜில்லுன்னு இருந்துச்சு, கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடத்துற ஓட்டம்ங்கறதால குடும்பம் குடும்பமா ரோட்டுக்கு வந்திருந்தாங்க, முடிச்சப்புறமும் இன்னும் கொஞ்சம் ஓடலாம் போல தெம்பு இருந்துச்சு. அதே பேஸ்ல, அதாவது அதே வேகத்துல, சென்னைல ஓடினா பாதி தூரத்துலயே ஹார்ட் ரேட் எகிறுது, டி-ஷர்ட்ட பிழிஞ்சா சொட்டுது. இதே ஊர்ல 42.195 கிமீன்னா எப்படின்னு தான் பயம். ரெண்டு ஊர்லயும் ஓடினவங்க சொல்லுங்க, டைமிங் பத்தி இல்ல, 30 கிமீக்கு அப்புறம் உடம்புக்கு நிஜமாவே என்ன ஆகுதுன்னு தெரியணும்.

மெரினா_காலை:
தம்பி, நான் ரெண்டு ஊர்லயும் ஃபுல் ஓடியிருக்கேன். சென்னைல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது வெயில் இல்ல, புழுக்கம். ஜனவரி விடிகாலைல 22, 23 டிகிரி தான் இருக்கும், ரேஸ் ஆரம்பிக்கிற நேப்பியர் பாலத்துல நிக்கும்போது கடல் காத்து சுகமா கூட இருக்கும், ஆனா காத்துல ஈரப்பதம் 80, 90 சதவீதம். வேர்வை காயாது. வேர்வை காஞ்சா தானே உடம்பு குளிரும், அது அப்படியே வழிஞ்சு கீழ போச்சுன்னா வெறும் தண்ணியும் உப்பும் நஷ்டம், சூடு உள்ளயே நிக்கும். அந்த சூட்ட வெளிய தள்ளறதுக்கு இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பணும் காலுக்கும் அனுப்பணும், அதான் அதே பேஸ்ல உங்களுக்கு ஹார்ட் ரேட் ஏறுது. உடம்பு சரியா தான் வேலை செய்யுது, கவலைப்படாதீங்க.

30 கிமீ விஷயத்துக்கு வர்றேன். தசையிலயும் கல்லீரல்லயும் சேமிச்சு வெச்சிருக்கிற மாவுச்சத்து மொத்தமா ஒரு 2000 கலோரி அளவுக்கு தான். ஓடும்போது தோராயமா ஒரு கிலோ எடைக்கு ஒரு கிமீக்கு ஒரு கலோரி செலவு. 65 கிலோ ஆளுன்னா 42 கிமீக்கு 2700 கிட்ட வரும். கொழுப்புல இருந்தும் கொஞ்சம் வரும், ஆனா வேகமா ஓட ஓட மாவுச்சத்து தான் சீக்கிரம் காலியாகுது. காலியாகறது பெரும்பாலும் 30ல இருந்து 35 கிமீக்குள்ள. கால் கனக்கும்கறது எல்லாரும் சொல்றது தான், அது கூட பரவால்ல, மனசு தான் ரொம்ப படுத்தும். காரணமே இல்லாம அழுகை வரும், பக்கத்துல வாலண்டியர் பசங்க கை தட்டினா கோவம் வரும், அடுத்த கிமீ போர்டு எப்ப வரும்னு கணக்கு போட கூட மூளை ஒத்துழைக்காது. அங்க ஓடாம நடந்து போறது தப்பே இல்ல. ஒரு தண்ணி ஸ்டாலுக்கு ஒரு நிமிஷம்னு ஆரம்பத்துல இருந்தே திட்டம் போட்டு நடந்தவங்க கடைசில என்னை தாண்டி போறத பாத்திருக்கேன்.

உங்க ஹாஃப் பேஸ் கிமீக்கு 6 நிமிஷம் 24 செகண்ட் வருது. சென்னை ஃபுல்லுக்கு முதல் கிமீல இருந்தே 7 நிமிஷத்துக்கு கீழ போகாதீங்க, கூட்டத்தோட உற்சாகம் இழுக்கும், போகாதீங்க. அப்படியே கடைசி வரைக்கும் புடிச்சா 4 மணி 55 நிமிஷம். 5 மணி தாண்டினாலும் அது அருமையான முதல் ஃபுல் தான். இன்னொன்னு, சென்னைல 20 மைலர்னு ஒரு ரேஸ் இருக்கு, 32 கிமீ சொச்சம். என்னை கேட்டா இந்த வருஷம் அத ஓடிட்டு அடுத்த வருஷம் ஃபுல் போங்க.

பெசன்ட்நகர்_பிசியோ:
அண்ணா சொன்னதுல 20 மைலர் விஷயம் மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஹாஃப் பல தடவ முடிச்சவரு, அடிபடாம இருக்காரு, நாலஞ்சு மாசம் டைம் இருக்கு, தாராளமா ஃபுல் போகலாம். ஆனா ஜனவரி ரேஸ்னா லாங் ரன் (வாரம் ஒரு தடவ ஓடுற நீண்ட தூர பயிற்சி) எல்லாம் அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வரும், அதாவது வடகிழக்கு பருவமழைக்குள்ள. ஞாயித்துக்கிழமை 28 கிமீ பிளான் பண்ணி வெச்சிருப்போம், சனிக்கிழமை ராத்திரி கொட்டும், வேளச்சேரி பக்கம் எல்லாம் முழங்கால் தண்ணி நிக்கும். தேங்கின தண்ணிக்குள்ள ஓடவே ஓடாதீங்க, பள்ளம் தெரியாது, மூடி இல்லாத குழி தெரியாது, கரெண்ட் பயம் வேற. அந்த வாரம் போனா போகட்டும். ஒரு லாங் ரன் போச்சுன்னு அடுத்த வாரம் ரெண்டையும் சேத்து ஓடி, குதிகால் வலியோட என்கிட்ட வர்றவங்க தான் நவம்பர்ல அதிகம்.

ஓடும்போது சாப்பிடற எனர்ஜி ஜெல் ஒன்னுல 20ல இருந்து 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், 40 நிமிஷத்துக்கு ஒன்னுன்னு பசிக்கறதுக்கு முன்னாடியே எடுக்கணும். ஜெல் ஒத்துக்கலன்னா கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நல்லா வேலை செய்யும். எதுவா இருந்தாலும் லாங் ரன்ல சாப்பிட்டு பழகாதத ரேஸ் அன்னிக்கு வாய்ல வைக்காதீங்க. வெறும் தண்ணியா மட்டும் குடிச்சிட்டே 5 மணி நேரம் ஓடுறது ஆபத்து, ரத்தத்துல சோடியம் இறங்கிடும், தலைவலி வாந்தின்னு ஆரம்பிச்சு மயக்கம் வரைக்கும் போகும், இன்னும் தாகம் போலன்னு நினைச்சு மேல மேல தண்ணி குடிப்பாங்க. வழியில உப்பு தொட்ட ஆரஞ்சு துண்டு குடுக்கறாங்கல்ல, அத விடாதீங்க. வலி மாத்திரை போட்டுட்டு ஸ்டார்ட் லைன்ல நிக்கறது இப்ப ரொம்ப சகஜமாயிடுச்சு, தயவுசெஞ்சு வேண்டாம், உடம்புல தண்ணி வத்தியிருக்கும்போது அது சிறுநீரகத்த பாதிக்கும்.

அப்புறம் பொண்ணுங்க யாராவது இத படிச்சா, 4 மணி லாங் ரனுக்கு தனியா கிளம்பாதீங்க. இருட்டு, நாய், பைக்ல வந்து சீண்டுறவனுங்க, எல்லாமே இருக்கு. நாங்க நாலு பேர் சேந்து தான் போறோம், நாலு பேருக்கும் பேஸ் வேற வேற, மெதுவா ஓடுறவங்க பேஸ்ல தான் ஓடுவோம். அதுல யாருக்கும் எதுவும் குறைஞ்சு போகல.

மாட்டுங்கா_தமிழன்:
மும்பைக்கு வாங்க சார். நான் இங்கயே பொறந்து வளந்தவன், சொந்த ஊர் பாசம்னு நினைச்சாலும் பரவால்ல. ஜனவரி மூணாவது ஞாயிறு, 2004ல இருந்து நடக்குது. சென்னைல அந்த மாசம் 6:35க்கெல்லாம் சூரியன் வந்துடும், இங்க 7:15 ஆகும், காத்தும் அவ்ளோ ஈரமா இருக்காது. சிஎஸ்எம்டி ஸ்டேஷன் முன்னாடி ஆரம்பிச்சு மரைன் டிரைவ், பெடர் ரோடு, ஹாஜி அலி வழியா பாந்த்ரா வோர்லி சீ லிங்க் மேல போவீங்க. மத்த நாள்ல அந்த பாலத்துல பைக் கூட விட மாட்டாங்க, நடக்கவும் முடியாது, அன்னிக்கு ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நாம. அத அனுபவிக்கறதுக்காகவே நான் ஒவ்வொரு வருஷமும் பேர் குடுக்கறேன்.

ஜனங்க தான் பெரிய பலம். தாதர், சிவாஜி பார்க் பக்கமெல்லாம் வீட்டு வாசல்ல பாட்டிங்க சிக்கி, பிஸ்கெட், உரிச்ச ஆரஞ்சு வெச்சிக்கிட்டு நிப்பாங்க, தெரியாத ஆளு நெஞ்சுல குத்தியிருக்கிற நம்பர் சீட்டுல (பிப்) இருக்கிற உங்க பேர படிச்சு கூப்பிடுவான். ஆனா ஒரு விஷயம் மறைக்க கூடாது, திரும்பி வரும்போது 35 கிமீ தாண்டி அதே பெடர் ரோடு ஏத்தம் மறுபடி வருது. மெரினா அண்ணா சொன்ன அந்த மாவுச்சத்து காலியாகற நேரம் பாத்து கரெக்டா ஏத்தம். சென்னை ரோடு தட்டையா இருக்கும், அதுல மட்டும் பழகிட்டு வராதீங்க, வாரத்துல ஒரு நாள் ஏதாவது ஃப்ளைஓவர்ல ஏறி இறங்குங்க. ஆகஸ்ட்ல ஹைதராபாத் ஹாஃப் ஓட முடிஞ்சா இன்னும் நல்லது, அங்க ஃப்ளைஓவருக்கு பஞ்சமே இல்ல.

தாம்பரம்_ஓட்டம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். சென்னை ஃபுல்லே ஓடுறதா முடிவு பண்ணிட்டேன், 20 மைலர் இல்ல. வீட்டுக்காரம்மாவும் பையனும் வழியில வந்து நிக்கணும்னு ஆசைப்படறாங்க, அதுக்காக தான். பேஸ் 7:00, அதுல மாத்தமில்ல. பிசியோ மேடம், குதிகால் வலி எனக்கும் லேசா காலைல எந்திரிச்ச உடனே இருக்கு, நாலு அடி நடந்தா போயிடுது, இதோட லாங் ரன் கூட்டலாமா?

பெசன்ட்நகர்_பிசியோ:
இப்ப கூட்ட வேண்டாம். ரெண்டு வாரம் தூரத்த பாதியா குறைங்க, காலைல கட்டில விட்டு இறங்கறதுக்கு முன்னாடி கால் விரல பின்னாடி இழுத்து புடிங்க, சாயங்காலம் படில நின்னு ஒரு கால்ல மெதுவா குதிகால ஏத்தி இறக்குங்க, 12 தடவ, மூணு செட். வலி அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க ஆரம்பிச்சாலோ ஓடும்போதே வந்தாலோ நேர்ல யார்கிட்டயாவது காட்டிடுங்க. ஷூ எத்தனை கிமீ ஓடியிருக்கு?

தாம்பரம்_ஓட்டம்:
900 தாண்டிடுச்சு.

பெசன்ட்நகர்_பிசியோ:
முதல்ல அத மாத்துங்க. புதுசு இப்பவே வாங்கி மழைக்கு முன்னாடி பழக்கிடுங்க.