டி.டி. கிருஷ்ணமாச்சாரி: வணிகப் பின்னணி அவருக்குத் துணையா, சுமையா?

கேள்வி (வரலாற்று வாசகன்):

சென்னையில் முன்பு மௌபரீஸ் சாலை என்று வழங்கிய தெருவுக்கு இன்று டி.டி.கே. சாலை என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி அண்மையில்தான் ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். 1899 நவம்பர் 26இல் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து, 1928இல் தம் பெயரிலேயே ஒரு முகவாண்மை நிறுவனம் தொடங்கிப் பிறர் தயாரித்த சரக்குகளைத் தென்னாட்டுக் கடைகளுக்குக் கொண்டு சேர்த்த ஒருவர், நாட்டின் நிதியமைச்சராக இருமுறை அமர்ந்து இருமுறையும் பதவி விலகி வெளியேறியிருக்கிறார். முதல் விலகலுக்கு, ஆயுள் காப்பீட்டுக் கழகம் அரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய முந்த்ரா விவகாரமே காரணம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. வணிகராக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்பதுதான் அவரை வீழ்த்தியதா, அல்லது அது பிற்காலத்தார் கட்டிய எளிய விளக்கமா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பதில் (வணிகவியல் ஆசிரியர்):

அவர் அரசியலுக்கு வந்த வழியைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். 1937இல் சென்னை சட்டமன்றத்துக்கு அவர் சுயேச்சையாகத்தான் சென்றார். 1942இல் மத்திய சட்டமன்ற உறுப்பினரானார். காங்கிரஸில் சேர்ந்தது அதற்கும் பின்னர்தான். சிறை சென்று தியாகி என்ற தகுதியோடு வந்தவர்கள் நிறைந்த கட்சியில், கணக்கும் சரக்கும் தெரிந்தவர் என்ற ஒரே தகுதியோடு நின்றவர் அவர். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அவர் பேசிய பேச்சு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார் என்று ஒவ்வொருவராக எண்ணிக் காட்டி, முழுச் சுமையும் அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்தது என்று அவர் நிறுவிய விதத்தில் சரக்கிருப்பைச் சரிபார்க்கும் வணிகரின் பழக்கம் தெரிகிறது. பின்னர் அவரும் அந்தக் குழுவில் இடம்பெற்றார். அரசமைப்பு ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26 அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளாகவும் அமைந்தது.

1952 முதல் வணிகம், தொழில் துறை அமைச்சர். 1956 ஆகஸ்டில், நிதியமைச்சராக இருந்த தேஷ்முக் விலகியதை அடுத்து, நிதியமைச்சர். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் விழுங்கிய அன்னியச் செலாவணி வேகமாகக் கரைந்துகொண்டிருந்த காலம் அது. 1957இல் பிரிட்டிஷ் பொருளியலறிஞர் கால்டாரின் பரிந்துரையை ஒட்டிச் சொத்தின் மீதான செல்வ வரியையும் தனிநபர் செலவின் மீதான செலவின வரியையும் கொண்டுவந்தவர் இந்த வணிகர்தான் என்பதை நினைவில் வையுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகளை இறுக்கியவரும் அவரே. இறக்குமதிச் சரக்கை விற்றுப் பிழைத்த முகவாண்மைகளுக்கு அது நேரடி அடி. அவருடைய குடும்ப நிறுவனமும் விற்பனையை மட்டும் நம்பியிராமல் உற்பத்திப் பக்கம் திரும்பியது அந்தக் காலகட்டத்தில்தான். ஆகவே அவர் தம் வகுப்புக்குச் சாதகமாக ஆண்டார் என்ற குற்றச்சாட்டு, குறைந்தது வரிக்கொள்கையில், நிற்காது.

பதில் (சட்டம் பயின்றவர்):

முந்த்ரா விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் வணிகப் பின்னணிக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. தேசியமயமாக்கலால் உருவாகி ஓராண்டு கூட நிறையாத ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1957 ஜூனில் அரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்காமலே வாங்கியது என்பதுதான் சிக்கல். அந்த டிசம்பரில் மக்களவையில் இதை எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்திச் சில வாரங்களிலேயே அறிக்கை கொடுத்தார்.

நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல், அமைச்சரின் ஒப்புதல் இருந்தது என்றார். அமைச்சர் அதை மறுத்தார். தம் செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று அவர் ஒதுங்க முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார், அவருக்கு இதில் பங்கு மிகக் குறைவு என்றே நேரு கருதினார். அம்மாத இறுதியில் நேருவே வரவு செலவுத் திட்டத்தை வாசிக்க நேர்ந்தது. இவ்விலகல் அமைச்சர் பொறுப்பு என்ற கோட்பாட்டின் விளைவு. உழவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் விலகியிருப்பார்.

விந்தை என்னவென்றால், 1963 இறுதியில் அதே சாக்ளா கல்வியமைச்சராகி, மீண்டும் நிதியமைச்சராகியிருந்த டி.டி.கே.யோடு ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார். படேலோ 1977இல் தாமே நிதியமைச்சரானார்.

பதில் (பழைய நாளிதழ் வாசகி):

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் இருவரும் 1958ஐ மட்டுமே பார்க்கிறீர்கள். 1962இல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வாகி அமைச்சரவைக்குத் திரும்பிய அவர், மூத்த தலைவர்கள் பதவி விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பிய காமராஜர் திட்டத்தில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் விலகிய பின் 1963இல் மறுபடி நிதித்துறையைப் பெற்றார். 1964இல், பொதுமக்களின் சேமிப்பைத் திரட்டி முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் செயல்படத் தொடங்கியது அவர் காலத்தில்தான். மொரார்ஜி கைவிட்டிருந்த செலவின வரியைத் திரும்பக் கொண்டுவந்ததும் அவரே.

அந்த இரண்டாம் முறைதான் வணிகம் அவரைத் துரத்திப் பிடித்தது. தந்தையின் பதவியால் மகன்களின் நிறுவனங்கள் பயன் பெற்றன என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் குற்றம் சாட்டினர். அதை உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்ப லால் பகதூர் சாஸ்திரி எண்ணினார். பிரதமரே தம்மை நம்பி அதைத் தள்ளியிருக்க வேண்டும் என்று டி.டி.கே. கருதினார். 1965 டிசம்பர் 31இல் விலகினார். பதினோரு நாள்களில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், குடும்பத்துக்கு நிறுவனம் இல்லாத ஓர் அமைச்சர் மீது அந்தக் குற்றச்சாட்டு எழுந்திருக்கவே முடியாது அல்லவா?

வரலாற்று வாசகன்:

மூவருக்கும் நன்றி. இரு விலகல்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: 1965க்குப் பின் அவர் மீண்டும் அமைச்சரானாரா?

பழைய நாளிதழ் வாசகி:

இல்லை. 1974 மார்ச்சில் அவர் மறையும்வரை அமைச்சர் பதவி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.