படிவத்தில் சீலுக்குக் கட்டம் இருக்கிறதா, இல்லையா?

பவர்டேபிள்காரன் (திருப்பூர்)
நேற்று வேறொரு இழையில் டிஜிட்டல் தம்பி எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அவர் வாசகம் இது: "கரண்ட் அக்கவுண்டுக்கு நெட் பேங்கிங் வாங்குவது பத்து நிமிட வேலை. இன்னும் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிக்கொண்டு பேங்குக்கு நடக்கிறவர்கள்தான் புலம்புகிறார்கள்."

தம்பி, நான் 14 பவர் டேபிள், அதாவது தையல் மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு (ஜாப் ஒர்க்) தைக்கிறவன். தனி முதலாளி, பார்ட்னர் கிடையாது. எனக்கு அந்தப் பத்து நிமிடம் ஏழு வாரம் ஓடியது. முதல் படிவத்தில் சீலின் ஓரம் கையெழுத்தின் வாலில் பட்டுவிட்டது. கிளையில் வாங்கி வைத்துக்கொண்டு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து "கையெழுத்து பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. இரண்டாவது முறை சீலைத் தள்ளி வைத்தேன். சீலில் "டெக்ஸ்", கணக்கில் "டெக்ஸ்டைல்ஸ்", அதனால் செல்லாது என்றார்கள். புது சீல் செய்து மூன்றாவது படிவம் கொடுத்தேன். யூசர் ஐடி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பேலன்ஸ் பார்க்க மட்டும்தான் அனுமதி. பணம் அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு படிவமாம். அதற்கும் சீலாம்.

இதற்குள் 20ஆம் தேதி வந்துவிட்டது. ஜிஎஸ்டி 38,400 ரூபாய் கட்ட வேண்டும். கவுண்டரில் ரொக்கமாக 10,000க்கு மேல் கட்ட முடியாது. 22ஆம் தேதிதான் கட்டினேன். ஒரு நாளுக்கு 50 வீதம் லேட் ஃபீ 100, வட்டி 38 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் தப்பு என்னுடையதா?

தம்பிக்கு ஒரே கேள்வி. படிவத்தில் சீல் வைக்கக் கட்டம் இருக்கிறதா, இல்லையா?

டிஜிட்டல்_தம்பி (சென்னை)
அண்ணே, என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்களே, நன்றி. நானும் தனி முதலாளிதான். வெப்சைட் வடிவமைப்பு செய்கிறேன். உதயம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு), ஜிஎஸ்டி சான்றிதழ் இரண்டையும் ஏற்றினேன். வீடியோவில் முகம் காட்டினேன். அன்று மாலையே உள்ளே நுழைந்துவிட்டேன். சீல் என்ற பேச்சே வரவில்லை. என்னிடம் சீலே கிடையாது.

2015லேயே கம்பெனிச் சட்டத்தைத் திருத்திக் கம்பெனி முத்திரை கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். நீங்கள் இன்னும் மை டப்பாவோடு அலைகிறீர்கள்.

பவர்டேபிள்காரன்
"அன்று மாலையே" என்றால் பத்து நிமிடமா? காலையிலிருந்து மாலை வரை உங்கள் ஊரில் பத்து நிமிடம்தானோ?

அப்புறம், அந்தச் சட்டம் கம்பெனிக்கு. நான் கம்பெனி இல்லை. 14 மெஷினும் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல்லும் வைத்திருக்கிற ஆள். படிவத்தில் கட்டம் இருக்கிறதா, இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

பழைய_மேனேஜர்
வணக்கம். 34 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். இருவருமே சற்று நிதானமாகப் பேசலாம்.

தனி முதலாளி நிறுவனம் என்றால் உரிமையாளரின் ஆதாரும் பான் எண்ணும் போக, தொழில் நடப்பதற்கு நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஆவணங்கள் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இரண்டு தர வாய்ப்பில்லை என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒன்றே போதும். சீல் கட்டாயம் என்று அந்த விதியில் இல்லை. சீல் கேட்பது வங்கிகளின் வழக்கம். கையெழுத்துப் போட்டவர் தனக்காகப் போட்டாரா, நிறுவனத்துக்காகப் போட்டாரா என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக.

திருப்பூர் நண்பருக்கு ஒன்று. ஜிஎஸ்டி சலான் எடுக்கும்போது நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் (வங்கிக்கு வங்கி பணம் மாற்றும் முறைகள்) என்று தேர்ந்தெடுத்திருந்தால், அந்தப் படிவத்தோடு காசோலையைக் கிளையில் கொடுத்து 20ஆம் தேதிக்குள் கட்டியிருக்கலாம். நெட் பேங்கிங்கே தேவையில்லை.

பவர்டேபிள்காரன்
மேனேஜர் சார் சொன்னதைக் கவனியுங்கள். "சீல் கேட்பது வழக்கம்." கேட்கிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். தம்பி, படித்தீர்களா?

காசோலை யோசனைக்கு நன்றி சார். உங்களைப் போல ஒருவர் அன்றைக்கு கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பார். அங்கே இருந்தவர் "சர்வர் டவுன்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

பழைய_மேனேஜர்
நான் அப்படிச் சொல்லவில்லை. கட்டாயமில்லை என்றுதான் சொன்னேன்.

நான்கு பேர் பார்க்கும் வேலையை இன்று ஒருவர் பார்க்கிறார். காப்பீடு விற்கச் சொல்கிறார்கள், பாஸ்புக் அச்சடிக்கச் சொல்கிறார்கள், முதியவருக்கு ஆப் வேறு ஏற்றித் தரச் சொல்கிறார்கள். ஊழியரைக் குறை சொல்லுமுன் அதையும் நினைக்க வேண்டும்.

வடகம்_அக்கா (கும்பகோணம்)
நடுவில் நுழைகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வடகம், ஊறுகாய், அப்பளம் போட்டு விற்கிறேன். எனக்கு நெட் பேங்கிங்கில் இரண்டு ஐடி கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் பணம் அனுப்பப் பதிய வேண்டும், இன்னொன்றில் ஒப்புதல் தர வேண்டும். இரண்டுமே நான்தான். ஓடிபி இரண்டும் ஒரே போனுக்குத்தான் வருகிறது. எண்ணெய்க் கடைக்காரருக்கு 6,200 ரூபாய் அனுப்ப, வெளியே வந்து மறுபடி உள்ளே போய் எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொள்கிறேன். இதை ஒரே ஐடியாக மாற்ற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிஜிட்டல்_தம்பி
அண்ணே, பத்து நிமிடம் என்றால் நம்முடைய வேலை பத்து நிமிடம். வங்கி எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஜிஎஸ்டியை உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கின் நெட் பேங்கிங்கிலிருந்தே கட்டியிருக்கலாமே? எந்தக் கணக்கிலிருந்து கட்டினாலும் பணம் உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்குத்தான் போகும். லேட் ஃபீ 100 ரூபாய் என்று அழுவதற்கு முன் இதை யோசித்திருக்கலாம்.

பவர்டேபிள்காரன்
அழுதேனா? 138 ரூபாய்க்கு அழுகிற ஆளா நான்? சனிக்கிழமை தோறும் 20 பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன் தம்பி. அத்தனை பேரும் அன்றைக்கு ஏழு மணிக்கு வாசலில் நிற்பார்கள். உங்களைப் போல ஏசி அறையில் உட்கார்ந்து சுட்டியைத் தட்டுகிற வேலை இல்லை.

நம் வேலை பத்து நிமிடமாம், வங்கியின் நேரம் கணக்கில் வராதாம். அப்படிப் பார்த்தால் பிள்ளை பெறுவதும் பத்து நிமிட வேலைதான், அப்பனுக்கு.

கட்டம் இருக்கிறதா, இல்லையா?

சொல்லாய்வான்
"சீல்" எதற்கு? "முத்திரை" என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. "நெட் பேங்கிங்" என்பதையும் "இணைய வங்கிச் சேவை" என்று எழுதலாம். தமிழில் விவாதிக்க வந்துவிட்டு ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம்.

பவர்டேபிள்காரன்
ஐயா, பேங்கில் போய் "இணைய வங்கிச் சேவைப் படிவம் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்து வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிடுவார்.

சொல்லாய்வான்
இந்த அலட்சியத்தால்தான் தமிழில் கையெழுத்துப் போடுகிறவனைத் தனியாக ஓர் உறுதிமொழித் தாள் கேட்டு நிற்க வைக்கிறார்கள். படிவத்தில் உள்ளதைத் தமிழில் விளக்கிச் சொல்லக் கேட்டேன், புரிந்துகொண்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முதுகலை படித்தவன் நான். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் படிவத்தைப் படித்துவிட்டா போடுகிறார்கள்?

பழைய_மேனேஜர்
அது வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக. பிற்காலத்தில் "எனக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்று வழக்கு வரக்கூடாது என்பதற்காக.

சொல்லாய்வான்
வங்கியின் பாதுகாப்புக்காக என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

பவர்டேபிள்காரன்
கையெழுத்துப் பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு சீல்.

மதுரை_ஸ்டாம்ப்_கடை
23 வருடமாக ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பேங்கில் துரத்திவிட்டு வந்தவர்கள்தான். நிறுவனத்தின் பெயர் மேலே, "புரொப்ரைட்டர்" கீழே, நடுவில் கையெழுத்துக்கு இடம். இதுதான் சரியான அமைப்பு. நடுவில் ஒன்றரை சென்டிமீட்டராவது விட வேண்டும். திருப்பூர் அண்ணனுக்கு இடம் விடாமல் செய்து கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் வாலில் பட்டிருக்கிறது. தப்பு பேங்க் மேலும் இல்லை, அண்ணன் மேலும் இல்லை. ஸ்டாம்ப் செய்தவர் மேல்.

டிஜிட்டல்_தம்பி
இதோ வந்துவிட்டார், சீல் கட்டாயம் என்று சொல்வதில் லாபம் உள்ளவர்.

மதுரை_ஸ்டாம்ப்_கடை
லாபமா? ஒரு ஸ்டாம்புக்கு என்ன நிற்கும் என்று தெரியுமா தம்பி? வெப்சைட் என்ற பெயரில் எங்கள் சங்கத்திடம் ஒருவர் வாங்கிய காசுக்கு இன்றுவரை ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. உங்கள் தொழில்காரர்தான்.

டிஜிட்டல்_தம்பி
யாரோ செய்ததற்கு நானா பொறுப்பு?

பவர்டேபிள்காரன்
போன தீபாவளிக்கு க்யூஆர் ஸ்பீக்கர் (பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி) வாடகை பற்றிய இழையிலும் தம்பி இப்படித்தான் நழுவினார். "மாத வாடகை எல்லாம் கிடையாது, நீங்கள் ஏமாந்தவர்" என்று எழுதினார். நான் வாடகை பிடித்த ஸ்டேட்மெண்டைப் போட்டதும் ஆளைக் காணோம். மறக்கவில்லை தம்பி, நான் ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

மேனேஜர் சாரும் அன்றைக்கு அவர் பக்கம்தான் பேசினார். அதையும் வைத்திருக்கிறேன்.

பழைய_மேனேஜர்
நான் யார் பக்கமும் பேசவில்லை. சீலைப் பற்றியே சொல்கிறேன். காசோலையிலேயே ரப்பர் ஸ்டாம்ப் தேதியையோ தொகையையோ கையெழுத்தையோ மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருக்கிறது, ஸ்கேன் செய்த படத்தை வைத்துத்தான் காசோலை பாஸ் ஆகிறது என்பதால். படிவமும் இன்று அப்படித்தான், ஸ்கேன் ஆகி வேறு ஊரில் ஒருவர் திரையில் பார்க்கிறார். வாலில் மை பட்டால் அவருக்குப் பொருந்தாது. முதல் முறை திருப்பி அனுப்பியது நியாயமே. இரண்டாவது முறையும் நியாயமே, பெயர் வேறாக இருந்தது.

வங்கி தவறு செய்தது என்று கருதினால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது. 2021 நவம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளம்தான்.

பவர்டேபிள்காரன்
நியாயமே, நியாயமே. ஏழு வாரமும் நியாயம். 34 வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு இந்தப் பக்கத்து நாற்காலி எப்படித் தெரியும்? நாற்காலியே கிடையாது, அது வேறு. டோக்கனை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புட்ஸ்மேனிடம் போகத் தெரியாதவன் இல்லை. அந்தப் புகாருக்கும் சீல் கேட்பார்களா என்று சொல்லிவிடுங்கள், கையோடு எடுத்துப் போகிறேன்.

வடகம்_அக்கா
என் இரண்டு ஐடி விஷயம்…

டிஜிட்டல்_தம்பி
அக்கா, கிளையில் "சிங்கிள் யூசர்" என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். பல வங்கிகளில் தனி முதலாளிக்கு அந்த வசதி உண்டு. ஐந்து நிமிட வேலை.

பவர்டேபிள்காரன்
அக்கா, நம்பாதீர்கள். பத்து ஐந்தாகிவிட்டது, அவ்வளவுதான். எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் சீல் இல்லாமல் போய்ப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

வடகம்_அக்கா
என்னிடம் சீல் இருக்கிறது தம்பி. வடக பாக்கெட்டில் தேதி குத்தும் மையிலேயே அதையும் வைக்கிறேன். ஊதா மை. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மதுரை_ஸ்டாம்ப்_கடை
ஊதா கூடாது அக்கா. ஸ்கேனில் மங்கும். அடர் நீலம்தான் சரி.

பழைய_மேனேஜர்
மையின் நிறத்துக்கு விதி ஏதும் இல்லை. காசோலை எழுதத்தான் அடர்த்தியான மை வேண்டும் என்பார்கள்.

மதுரை_ஸ்டாம்ப்_கடை
விதி இல்லை சார், ஆனால் திருப்பி அனுப்புகிறார்களே. அவர்கள் அடுத்து வருவது என் கடைக்குத்தானே.

பவர்டேபிள்காரன்
சரி, எல்லோரும் பேசியாயிற்று. இதோ படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். வலது கீழ் மூலையைப் பாருங்கள். கட்டம். உள்ளே எழுதியிருப்பதைத் தம்பி வாய்விட்டுப் படிக்கட்டும்.

டிஜிட்டல்_தம்பி
அண்ணே, கட்டத்தின் மேல் பாதியில் உங்கள் கட்டை விரல் இருக்கிறது. தெரிகிற பாதியில் "உபயோகத்துக்கு மட்டும்" என்று இருக்கிறது. அது "அலுவலக உபயோகத்துக்கு மட்டும்" இல்லையா? பேங்க் தன் சீலை வைக்கிற இடத்தில் நீங்கள் உங்கள் சீலை வைத்திருக்கிறீர்கள். ஏழு வாரம் ஏன் ஆனது என்று இப்போது புரிகிறது.

பவர்டேபிள்காரன்
விரலுக்குக் கீழே "நிறுவன முத்திரை" என்று இருக்கிறது. எனக்குத் தெரியும், மூன்று முறை வைத்தவன் நான்.

சொல்லாய்வான்
பாருங்கள், வங்கியே "முத்திரை" என்றுதான் அச்சடித்திருக்கிறது.

பழைய_மேனேஜர்
அந்த மூலையில் பெரும்பாலும் கிளையின் முத்திரைதான் வரும். ஆனால் படிவத்துக்குப் படிவம் மாறும். விரலை எடுத்துவிட்டு மறுபடி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பவர்டேபிள்காரன்
அசல் படிவம் பேங்கில் இருக்கிறது. இந்த நகல் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தது, அங்கேயே எடுத்த படம். இன்றைக்கு ஞாயிறு, பூட்டியிருக்கும். நாளைக்கு போய் எடுத்துப் போடுகிறேன். அதுவரை தம்பி அந்த ஸ்பீக்கர் வாடகைக்குப் பதில் சொல்லட்டும்.

டிஜிட்டல்_தம்பி
நாளை வரை காத்திருக்கிறேன் அண்ணே. விரலையும் கழுவிக்கொண்டு எடுங்கள், மை ஒட்டியிருக்கிறது.