கோடியக்கரைப் பூநாரைகளின் வயதைக் கணிக்க உதவி வேண்டும்

குழுவிலுள்ள பறவை ஆர்வலர்களுக்கு வணக்கம். வேதாரண்யம் சதுப்பு நிலத்துக்கு வலசை வரும் பெரும் பூநாரைகளின் படங்களை வயது வாரியாகப் பிரித்து வருகிறேன். முதிர்ந்தவற்றை இளஞ்சிவப்பு அலகும் அதன் கறுத்த நுனியும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. முதலாண்டுப் பறவைகளும் சாம்பல் கலந்த பழுப்பு உடலால் தனித்துத் தெரிகின்றன. இடைப்பட்டவையே குழப்புகின்றன.

பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால்தான் இறகில் சிவப்பு ஏறுகிறது என்பதால், இரை குறைந்த பருவத்தில் வளர்ந்த பறவையும் வெளிறித் தோன்றக்கூடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு படத்தில், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரையை வடிகட்டும் பறவையின் கழுத்து தூய வெண்மையாக இருக்க, அலகின் அடிப்பகுதி இன்னும் சாம்பலாகவே இருக்கிறது. மடித்த இறக்கையிலும் பழுப்புக் கீற்றுகள் தெரிகின்றன. இது இரண்டாம் ஆண்டா, மூன்றாம் ஆண்டா?

இவை கூட்டமாகக் கூடு கட்டும் குஜராத்தின் கட்ச் பகுதியிலோ, வலசை வரும் பழவேற்காட்டிலோ இளம் பறவைகளைப் படமெடுத்தவர்கள், எடுத்த மாதத்தையும் இடத்தையும் குறிப்பிட்டு இங்கே பகிர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பேருதவியாக இருக்கும். அலகும் காலும் தெளிவாகத் தெரியும் படங்களே முதன்மையாகத் தேவை.