நம்ம வீடு குழு: யாழினி படிப்பு

பெரியப்பா: *பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது* ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ராஜினாமா!! பெண்களுக்கு அறிவியல் வராது என்று பேசியதால் பதவி பறிபோனது. அனைவருக்கும் பகிரவும்.

பெரியப்பா: யாழினி போவதும் அந்த பாஸ்டன் பக்கம்தானே? பெரிய இடத்திலேயே இப்படி நினைக்கிறார்கள் என்றால் அங்கே போய் ஐந்தாறு வருடம் இயற்பியல் படித்து என்ன ஆகப் போகிறது? ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டுமாம். யோசித்துச் செய்யுங்கள்.

சித்தி: ஐயோ, இது எப்போது?

ரகு: ரொம்பப் பழசு சித்தி

செல்வி அத்தை: அண்ணா, இது புதுச் செய்தி இல்லை. அவர் பெயர் லாரி சம்மர்ஸ். பேசியது 2005 ஜனவரி 14, ஒரு பொருளாதார மாநாட்டில். ராஜினாமாவை அறிவித்தது 2006 பிப்ரவரி 21. நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

சித்தப்பா: அம்மாவுக்கு சனிக்கிழமை கண் டாக்டர். கார் யார் எடுப்பது?

ரகு: நான் வரப் பார்க்கிறேன்

பெரியப்பா: பழசோ புதுசோ, சொன்னது சொன்னதுதானே.

செல்வி அத்தை: என்ன சொன்னார் என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். "பெண்களுக்கு அறிவியல் வராது" என்று அப்படியே சொல்லவில்லை. உச்சத்தில் பெண்கள் ஏன் குறைவு என்பதற்கு மூன்று காரணம் அடுக்கினார். வாரத்துக்கு 80 மணி நேரம் உழைக்க யார் தயார் என்பது முதலாவது. மிக உயர்ந்த மட்டத்தில் இயல்பான திறமையில் ஆண் பெண் வேறுபாடு இரண்டாவது. வளர்ப்பும் பாகுபாடும் மூன்றாவது, கடைசியில். வீட்டு உதாரணம் ஒன்றும் சொன்னார். தன் இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு பொம்மைக்குப் பதில் லாரி கொடுத்தாராம். அவர்கள் அதையே அப்பா லாரி, குட்டி லாரி என்று வைத்து விளையாடினார்களாம். இரண்டு குழந்தைகள் விளையாடியதை வைத்துக்கொண்டு பேராசிரியர்கள் முன்னால் இப்படிப் பேசலாமா?

சித்தி: லாரியா?!

ரகு: யாழினி சின்ன வயதில் என் லாரியை உடைத்தாள், ஞாபகம் இருக்கிறதா

யாழினி: பிரித்துப் பார்த்தேன். உடைக்கவில்லை.

பெரியப்பா: ஒரு கருத்துதானே சொன்னார். அதற்குப் போய் வேலையை எடுப்பார்களா?

செல்வி அத்தை: அண்ணா, இதுதான் விஷயம். தெருவில் போகிறவர் சொன்னால் கருத்து. நிரந்தரப் பேராசிரியர் யார் என்று கடைசி முடிவு எடுக்கிறவர் சொன்னால், அடுத்த விண்ணப்பத்தை அவர் எந்தக் கண்ணோடு படிப்பார்? 2004ல் அங்கே கலை, அறிவியல் துறைகளில் நிரந்தர வேலைக்கு அழைத்தது 32 பேரை. பெண்கள் 4 பேர். அதனால்தான் அந்தப் பேச்சு அப்படி வலித்தது. பக்கத்துப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். 90களில் ஆண்களைவிடத் தனக்கு ஆய்வக இடம் குறைவு என்று நிரூபிக்க டேப் எடுத்துத் தரையை அளந்தவர் அவர்.

யாழினி: அத்தை 🙏

பெரியப்பா: அப்படியானால் பேச்சுக்காகத்தான் போனார். ஃபார்வர்டு சரிதான்.

செல்வி அத்தை: அது மட்டும் இல்லை. பலமுறை மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 2005 மார்ச்சில் பேராசிரியர்கள் 218க்கு 185 என்று நம்பிக்கையில்லை என ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டு அவரைக் கட்டுப்படுத்தாது, அதனால் நீடித்தார். அதற்கு முன்பே அங்கே இருந்த கறுப்பினப் பேராசிரியர் கார்னல் வெஸ்ட்டோடு தகராறு இருந்தது. 2006 ஜனவரியில் டீன் ஒருவர் விலகியதும் மறுபடி கொதித்தது. இரண்டாவது ஓட்டு வருவதற்குள் அவரே போய்விட்டார்.

ரகு: 2024லும் ஒருவர் போனாரே?

செல்வி அத்தை: அது கிளாடின் கே. அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் யூத வெறுப்பு பற்றிச் சொன்ன பதில், அப்புறம் எழுத்துத் திருட்டுப் புகார். இதோடு குழப்பாதே.

சித்தப்பா: அக்கா, சுருக்கமாக

செல்வி அத்தை: சுருக்கமாகத்தான் முடித்தார்கள் தம்பி, என் விஷயத்தில். எம்.எஸ்சி. கணக்குக்கு இடம் கிடைத்தபோது "பொண்ணுக்கு எதுக்கு" என்று ஒரே வார்த்தை.

பெரியப்பா: அது அப்பா எடுத்த முடிவு.

செல்வி அத்தை: அப்பா உங்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார் அண்ணா.

சித்தி: அண்ணி, இதை நேரில் பேசலாமே

ரகு: டாக்டர் எத்தனை மணிக்கு?

சித்தப்பா: 10

செல்வி அத்தை: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு பெண் ஆசிரியர்களின் நிலையை மேம்படுத்த குழுக்கள் போட்டார்கள். அதை முன்நின்று நடத்திய ட்ரூ ஃபாஸ்ட்தான் 2007ல் ஹார்வர்டின் முதல் பெண் தலைவர். அந்த ஊர் அப்படியே நின்றுவிடவில்லை. ஃபார்வர்டை நம்பி இந்தப் பெண்ணை நிறுத்தாதீர்கள்.

யாழினி: பெரியப்பா, அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கிற மாணவிகள் மூன்று பேரிடம் பேசிவிட்டேன். உதவித்தொகையும் உண்டு. வியாழன் அன்று சம்மதம் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

சித்தி: அப்பாவைக் கேட்காமல் அனுப்பாதே

சித்தப்பா: ஞாயிறு எல்லோரும் வீடியோவில் பேசுவோம்.

யாழினி: வியாழன் ஞாயிறுக்கு முன்னாலேயே வருகிறதே அப்பா

பெரியப்பா: நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிக்கத்தான் சொன்னேன். குளிருக்கு நல்ல கோட்டு வேண்டும், அங்கேயே வாங்குவதா இங்கிருந்து கொண்டுபோவதா?

செல்வி அத்தை: அங்கே வாங்கிக்கொள்ளட்டும். பணம் நான் தருகிறேன்.

பெரியப்பா: நானும் போடுகிறேன் செல்வி.

ரகு: சனிக்கிழமை கார் எனக்கு ஒத்து வராது போல. வேறு யார்?