‘கிளிப்லெஸ் பெடல்’: ‘கவ்வுமிதி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மிதிவண்டியில் ஓட்டுபவரின் காலணியைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் மிதியை ஆங்கிலத்தில் ‘கிளிப்லெஸ் பெடல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கிளிப்பில்லா மிதி’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொல் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்திருக்கிறது. ஆனால், அந்தக் கருவி செய்யும் வேலைக்கு நேர் எதிரான பொருளைத் தருவதால் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்பு பந்தய மிதிவண்டிகளில், மிதியின் முனையில் உலோகக் கூடு ஒன்றைப் பொருத்தி, கால்விரல்களை அதனுள் நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் ‘டோ கிளிப்’ என்று பெயர். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலணியைப் பிணைக்கும் பொறிகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், 1984இல் அந்த நுட்பத்தை மிதிக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு மிதிவண்டி வீரர் பெர்னார் ஈனோ அதைக் கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூடு போய்விட்டதால் ‘கிளிப் இல்லாதது’ என்ற பெயர் வந்தது. விரற்கூட்டையே பார்த்திராத ஒருவருக்கு இந்தப் பெயரைக் கேட்டால், கால் எதிலும் மாட்டாத சாதாரண மிதி என்றுதான் தோன்றும். உண்மையில் காலணியின் அடியிலுள்ள தகட்டின் முன்முனையைச் செருகி அழுத்தியதும், சுருள்வில்லோடு இணைந்த பின்தாடை திறந்து மூடி அதைப் பிடித்துக்கொள்கிறது. குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால்தான் விடும்.

தாடை இருப்பதால் ‘கவ்வுமிதி’ என்பதே என் பரிந்துரை. அது கவ்வும் தகட்டைக் ‘கவ்வுதகடு’ எனலாம். இதற்குப் ‘பூட்டுமிதி’ என்று ஒருவர் சொல்லியிருந்தார்; அந்தக் கருத்தும் நல்லதுதான். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் நம் சொற்களே. ஆனால் மிதிவண்டிக்காரர்களிடம் ‘பூட்டு’ என்றால் வண்டி திருடுபோகாமல் காக்கும் பூட்டுதான் நினைவுக்கு வரும். மாட்டுவதைக் குறிக்க ஈழத்து வழக்கிலுள்ள ‘கொளுவு’ என்ற வினை எனக்கு மிகவும் பிடித்தது; தமிழகத்திலும் அது பழகியிருந்தால் ‘கொளுவுமிதி’யையே ஆதரித்திருப்பேன். ‘கவ்வு’ என்றால் விடாப்பிடி என்று தோன்றாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பூனை தன் குட்டியைக் கவ்விச் சென்று, வேண்டிய இடத்தில் விடுகிறது. விடுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

எனக்கு இது வெறும் சொல்லாசை அன்று. ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பும்போது, திருவான்மியூர் சிக்னலில் நிற்பதற்காக இடக்குதிகாலைத் திருப்பினேன். காலணி திரும்பியது, தகடு திரும்பவில்லை. வண்டியோடு சாய்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். என் காலணியில் தகட்டை இறுக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்று வழியிலேயே கழன்று விழுந்திருந்தது. எஞ்சிய ஒன்று அச்சாகிவிட்டதால் காலணி மட்டும் அதைச் சுற்றித் திரும்பியிருக்கிறது. புதிதாக ஓட்டுபவர்களுக்கு இதைத் தமிழில் எழுதி எச்சரிக்க முயன்றபோதுதான் சொல் இல்லாத குறை உறைத்தது. இப்போது இப்படி எழுத முடிகிறது: “இரண்டு திருகாணிகளால் இறுக்கப்பட்ட கவ்வுதகட்டில் ஒன்று கழன்றாலும் தகடு காலணியோடு திரும்பாது, திரும்பாத தகட்டைக் கவ்வுமிதி விடாது, ஆகவே ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் இரண்டையும் இறுக்கிப் பாருங்கள்.” இந்த வாக்கியத்தில் ‘கிளிப்பில்லா மிதி’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள், பொருள் குழம்பிவிடும்.

‘கவ்வுதகடு’ வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. ‘கவ்வுத்தகடு’ என்று எழுத வேண்டாம். சுருள்வில்லின் முறுக்கைக் கூட்டிக் குறைக்கும் அளவைப் ‘பிடியிறுக்கம்’ எனலாம். புதியவர்கள் அதைத் தளர்த்தியே வைத்துக்கொள்வது நல்லது.

தகடு விடுபடாமலேயே பாதம் இடவலமாகச் சற்று அசைவதற்குத் தரும் இடத்துக்குப் பெயர் வைப்பதே எனக்குச் சிக்கலாக இருக்கிறது. லுக்கின் சிவப்புத் தகட்டில் அது 9 பாகை, சாம்பல் நிறத்தில் 4.5, கறுப்பில் சுழியம். முழங்கால் வலி வராமலிருக்க இது முக்கியமானது. ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ளோட்’ என்கிறார்கள்; ‘மிதவை’ என்ற மொழிபெயர்ப்பு இதற்குப் பொருந்தவில்லை. ‘அசைவிடம்’ என்று எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரேனும் தந்தால் மகிழ்ந்து மாற்றிக்கொள்வேன்.

அன்புடன்.