கொழும்பு ஆசிரியர்மாரிடம் ஒரு உதவி

வணக்கம். கொரோனாவால் மூடியிருந்த பாடசாலைகளில், 200 பிள்ளைகளுக்குக் குறைந்தவற்றின் ஆரம்பப் பிரிவை 2021 ஒக்டோபர் 21 திறக்கச் சொல்லிவிட்டார்கள். எங்களுடையதும் அதில் ஒன்று. கொட்டாஞ்சேனைப் பக்கம், பழைய கட்டிடம். என் தரம் 2 வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைத் தட்டிதான். வீதிப் பக்க ஜன்னல் ஆணி அடித்து மூடியபடி. வாசலில் கை கழுவக் குழாய் பூட்டினார்கள், நல்லது. காற்றில் பரவுகிற கொரோனா வருத்தத்துக்குக் குழாய் என்ன செய்யும்? எனக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று, பிள்ளைகளுக்கு இல்லை. வீட்டில் அம்மாவுக்கு டயலிசிஸ் வேறு.

ஜன்னலைத் திறக்கவும், பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து நாள் மாற்றி எடுக்கவும் அதிபரிடம் எழுத்தில் கேட்கப்போகிறோம். யாராவது இப்படிக் கடிதம் கொடுத்திருந்தால் மாதிரி அனுப்புங்கோ. சிங்களத்தில் இருந்தால் இன்னும் நல்லம், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும் பிரதி கொடுக்கவேண்டும்.