சான் ஹுவானைக் கண்டுபிடித்தது ஹைட்ரோபோனா, தேடிய கப்பலா?

கலங்கரை:
2017 நவம்பர் 15 அன்று 44 பேரோடு மூழ்கிப்போன அர்ஜென்டினா நீர்மூழ்கி சான் ஹுவானை, தண்ணீருக்குள் ஒலி கேட்கும் கருவியான ஹைட்ரோபோன்தான் கண்டுபிடித்தது என்று பலரும் எழுதுகிறார்கள். நான் ஏற்கவில்லை. கப்பல் காணாமல்போன அன்று கடலில் வெடிப்பு போன்ற ஒரு சத்தம் பதிவான செய்தி எட்டாவது நாளே வெளிவந்துவிட்டது. கப்பல் கிடைத்ததோ 2018 நவம்பரில், 907 மீட்டர் ஆழத்தில். இடம் தெரிந்திருந்தால் ஒரு வருடம் எதற்கு?

நீரோட்டம்:
அந்தச் சத்தத்தைப் பிடித்தவை அணுகுண்டு சோதனையைக் கண்காணிக்கக் கடலில் போட்ட ஹைட்ரோபோன்கள். ஒரு நிலையம் அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவருகே, இன்னொன்று தென் இந்தியப் பெருங்கடலில் குரோசே தீவுகளருகே. கடலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் போகும். அசென்ஷன் சுமார் 6,000 கி.மீ. தூரம், அதாவது ஒலி வந்துசேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு நிலையத்தில் மும்மூன்றாக வைத்திருப்பதால், எது முதலில் கேட்டது என்று பார்த்துத் திசையைச் சொல்லலாம். இரண்டு திசைக்கோடுகள் வெட்டும் இடம்தான் கணக்கு. சிதைவு கிடந்தது அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி. ஒரு பெருங்கடலையே தாண்டிக் கேட்ட காதுக்கு இது பெரிய சாதனை அண்ணா.

கலங்கரை:
20 கி.மீ. ஆரமுள்ள வட்டம் என்றால் 1,250 சதுர கி.மீ.க்கு மேல் வரும் தம்பி. அதுவும் பள்ளத்தாக்குகள் நிறைந்த கடல்தரை. மடிப்பு மறைத்தால், ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத் தேடும் சோனாருக்கு எதிரொலி வராது. கடைசியில் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனத்தின் ஆளில்லாத நீர்மூழ்கிகள்தான் தரைக்குக் கிட்டே இறங்கிப் பார்த்தன. கிடைத்தது அப்படித்தான். இன்னொன்று, நீர்மூழ்கிக்குக் காற்று இழுக்கும் ஸ்நார்கல் குழாய் வழியே தண்ணீர் புகுந்து பேட்டரி ஷார்ட் ஆனதைக் கப்பலே தகவலாகச் சொன்னது. ஹைட்ரோபோனுக்குக் கேட்டது அதற்கு அப்புறம், எல்லாம் முடிந்த வேளையில்.

நீரோட்டம்:
உயிரைக் காப்பாற்ற அது உதவவில்லை, சரி. ஆனால் அந்த வட்டம் கிடைக்காவிட்டால் ஆளில்லாத கலத்தை எங்கே இறக்குவது? டிசம்பர் 1 அன்று அந்தப் பகுதியில் வேண்டுமென்றே ஒரு சிறு வெடியைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு நிலையங்களும் அதையும் கேட்டன. இடம் தெரிந்த வெடியை வைத்து முந்தைய கணக்கைச் சரிபார்த்தார்கள்.

அலைவாய்:
இரண்டு பேருமே அந்த எட்டு நாளை விட்டுவிட்டீர்கள். ஒலிப்பதிவு அன்றைக்கே அந்தக் கண்காணிப்பு அமைப்பின் தலைமையிடமான வியன்னாவுக்குப் போய்விட்டது. அதை ஒரு கப்பலைத் தேடும் கண்ணோடு பிரித்துப் பார்த்தது பிறகுதான். அதுவரை கரையில் குடும்பங்கள் ஆக்சிஜன் எத்தனை நாளைக்கு வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வேதனையை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. கப்பல் காணவில்லை என்றதும் அன்றைய ஒலிப்பதிவைப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

கலங்கரை:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பார்த்துச் சொல்லும்போது வட்டத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லட்டும். வெறும் புள்ளியாகச் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் நாளைக்கே கிடைத்துவிடும் என்றுதான் நம்புவார்கள்.